சைலசின் என்னும் மயக்க மருந்தும் அதனை அடக்க எழுந்த மசோதாவும்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, அவ்விரண்டற்கும் இடையே சூது என்னும் அதிகாரத்தை வைத்திருக்கின்றார். அம்முறைவைப்புக்கு உரையாசிரியர் கூறும் காரணம் எதுவாயினும் ஆகுக. இக்காலத்து லாகிரி வஸ்துக்களின் வரலாற்றைப் படிப்பவனுக்கு அது மிகவும் பொருத்தமாகத் தோன்றும். நல்ல மருந்தொன்று கள்ளின் இனத்தோடு சேரும்போதெல்லாம், இடையே சூதினும் கொடிய வாணிகம் ஒன்று நின்று அதனைக் கைமாற்றிக் கொடுக்கின்றது. அவ்வாறு கைமாறிய மருந்துகளுள் ஒன்றைப் பற்றியும், அதனை அடக்கும்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்டசபையில் எழுந்த மசோதாவைப் பற்றியும் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மருந்தின் பெயர் சைலசின். 1962-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பேயர் கம்பெனியின் ரசாயன சாலையில் இது முதன்முதல் ஆக்கப்பெற்றது. மனிதருக்கு உண்டாகும் இரத்த அழுத்த மிகுதியைத் தணிப்பதற்கு உதவுமென்று கருதியே இதனை ஆராய்ந்தனர். ஆயினும் மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்த அழுத்தம் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தது, அறிவும் மயங்கியது. ஆதலின் மனித வைத்தியத்தினின்றும் இது விலக்கப்பட்டது. எந்தக் குணம் மனிதனுக்குக் குற்றமாயிற்றோ அந்தக் குணமே விலங்குகளுக்கு நன்மையாயிற்று. அடங்காத குதிரையை நிற்கச் செய்வதற்கும், மானைப் பிடித்துக் காயம் ஆற்றுவதற்கும், நாய் பூனைகளுக்கு ரண சிகிச்சை செய்வதற்கும் ஏற்ற மருந்தென்று கண்டு, 1972-இல் அமெரிக்க சர்க்கார் இதனைக் கால்நடைகளுக்கு மட்டும் உரியதாக அங்கீகரித்தனர். ரோம்பன் என்னும் பெயரால் விற்கப்படுவதும் இதுவே. நம் நாட்டில் ஊருக்குள் புகுந்த காட்டானையை மயக்க ஊசியால் அடக்கும் கால்நடை வைத்தியர் கையாளும் மருந்துகளுள் இதுவும் ஒன்றாகும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வது நன்று. மருந்து நமக்குப் புதிதன்று, அதன் கேடே புதிது.

பிராணிகளுக்குள்ளும் இதன் ஆற்றல் ஒரு தன்மையாக இல்லை. குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரையின் அளவை மாட்டுக்குக் கொடுத்தால் மாடு பிழைப்பது அரிது. இவ்வாறு ஓரினத்துக்கும் மற்றோரினத்துக்கும் இத்துணை வேறுபாடுடைய பொருளை, அளவும் தூய்மையும் அறியாத ஒருவன் தெருவில் வாங்கித் தன் நரம்பில் ஏற்றிக்கொள்ளுகின்றான் என்றால், அவன் எத்தகைய ஆபத்தில் இறங்குகின்றான் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சைலசின் அபின் இனத்தைச் சேர்ந்ததன்று என்பதை இங்கே அழுத்திக் கூறவேண்டும். இவ்விஷயத்தின் முடிச்செல்லாம் இதனிடத்திலேதான் இருக்கின்றது. அபினும், அதன் வழியில் ரசாயன சாலையில் ஆக்கப்பெற்ற பென்டனிலும், மூளையில் ஒருவகைப் பூட்டுக்களைத் திறக்கும் திறவுகோல்கள் போன்றவை. சைலசின் திறப்பது வேறொரு பூட்டு. நரம்புகளின் முனையில் ஊறி உடம்பை விழிப்போடு வைத்திருக்கும் சத்து ஒன்று உண்டு. அச்சத்து வெளிப்படாதபடி சைலசின் தடுத்துவிடுகின்றது. அதனால் உறக்கம் வருகின்றது. இருதயத் துடிப்புக் குறைகின்றது. இரத்த அழுத்தம் தாழ்கின்றது. இரத்த அழுத்தத்துக்கு இன்றும் வைத்தியர் கொடுக்கும் குளோனிடின் என்னும் மருந்து இதற்கு உறவு. பென்டனில் மிகுதியால் மூச்சு அடங்கிக் கிடப்பவனை எழுப்புவதற்கு நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு. அது முன்சொன்ன அபின் பூட்டிலே புகுந்து, அங்குள்ள திறவுகோலைத் தள்ளிவிடுகின்றது. சைலசினின் பூட்டினிடத்தே அதற்கு வேலை இல்லை. ஆகவே இரண்டும் கலந்த பொடியை உட்கொண்டு வீழ்ந்தவனுக்கு நலாக்சோன் கொடுத்தால், மூச்சு மீண்டும் வரக்கூடும். ஆயினும் அவன் கண் விழிப்பதில்லை. கண் விழிக்கவில்லையே என்று அருகிலிருப்போர் அஞ்சி மேலும் மேலும் அம்மருந்தையே செலுத்துவர். விழிப்பைப் பார்க்க வேண்டுவதில்லை, மூச்சைப் பார்த்தால் போதும் என்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் கற்பித்து வருகின்றார்கள். நலாக்சோனைக் கொடாதிருக்கலாம் என்பதன்று இதன் பொருள். பெரும்பாலும் பென்டனிலும் உடனிருத்தலின் அதனைக் கட்டாயம் கொடுத்தே தீரவேண்டும். விலங்குகளிடத்துச் சைலசினின் மயக்கத்தைத் தெளிவிக்கும் மாற்று மருந்துகள் மிருக வைத்தியரிடம் உண்டு. மனிதருக்கு அவற்றைக் கொடுக்க அங்கீகாரம் இல்லை.

இதனை ஏன் கலக்கின்றார்கள் என்பது இயல்பாக எழும் வினா. பென்டனிலின் மயக்கம் விரைவில் நீங்கிவிடுவது. சைலசின் சேர்ந்தால் அது நீண்டு நிற்கும். மேலும் விலையோ மிக மலிவு. சீன தேசத்து வியாபாரிகளிடம் ஒரு கிலோ பொடி 6 முதல் 20 டாலருக்குள் கிடைத்ததாக அமெரிக்க லாகிரி வஸ்து தடுப்பு இலாகா 2022-இல் எழுதியிருக்கின்றது. மளிகைக் கடைச் சரக்கிலும் மலிவான இதனைக் கொண்டு, விலையுயர்ந்த நஞ்சின் எடையைப் பெருக்கி விற்பது அவ்வாணிகர்க்குக் கொள்ளை இலாபம்.

அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரீக்கோ தீவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கேடு காணப்பட்டது. அத்தீவினர் இதனைக் குதிரை மயக்க மருந்து என்னும் பொருள்படத் தம் ஸ்பானிய மொழியிற் பெயரிட்டு அழைத்தனர். அப்போது அதனைப் பெருநாட்டவர் பொருட்படுத்தவில்லை. தீவில் உள்ள ஏழைகளின் நோய், தலைநகரில் உள்ளவர்களுக்குச் செய்தியாவதற்குக் காலம் செல்லும் போலும். பின்னர்ப் பிலடெல்பியா நகரில், சிறப்பாகக் கென்சிங்டன் என்னும் பகுதியில், இது வேரூன்றியது. 2021-இல் அந்நகரத்துத் தெருக்களில் எடுத்துப் பரிசோதித்த அபினினப் பொடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் சைலசின் இருந்தது. தேச முழுவதிலும் சைலசின் சம்பந்தப்பட்ட மரணங்கள் 2018-இல் 102 என்று பதிவாயின. 2021-இல் அத்தொகை 3,468 ஆயிற்று. இவ்வுயர்வில் ஒரு பகுதி, முன்னே தேடாததைப் பின்னே தேடியதனால் வந்ததாகவும் இருக்கலாம். ஏனெனில் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் இது அகப்படுவதில்லை. அதனைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது சிறிதன்று.

மரணத்தினும் கண்ணுக்கு முன்னே நிற்பது புண். சைலசின் கலந்த பொடியைப் பழகியவர்களின் முன்கையிலும் காலிலும் ஆழ்ந்த புண்கள் தோன்றி, தசை கறுத்து இறந்து, எலும்பு வரையிற் செல்வதுண்டு. ஊசி குத்திய இடத்திலன்றி வேறிடத்திலும் அவை தோன்றுகின்றன. இதற்குக் காரணம் யாதென்பதில் வைத்தியரிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கையையோ காலையோ வெட்டி எடுக்க நேர்ந்தவரும் உளர். நாற்றத்துக்கு நாணி ஆஸ்பத்திரிக்குப் போகாது மறைந்து வாழ்வோர் பலர். அந்நாட்டுப் பத்திரிகைகள் சில இவர்களை நடைப்பிணங்கள் என்னும் பொருள்படும் ஒரு சொல்லாற் குறிப்பிடலாயின. சொல்லைத் தொழிலாகக் கொண்டு படிக்கின்ற நமக்கு அச்சொல் உறுத்துகின்றது. பிணமென்று பெயர் வைத்த பிறகு அவனுடைய புண்ணைக் கழுவுவார் யார்? கழுவுவோரும் அங்கே இல்லாமற் போகவில்லை. வண்டிகளில் மருந்தும் துணியும் கொண்டுபோய், தெருவோரத்திலேயே முழந்தாளிட்டுப் புண்ணைக் கழுவிக் கட்டிவரும் தாதியரும் தொண்டர்களும் கென்சிங்டனில் உண்டு. எரிகோவுக்குப் போகும் வழியிற் கிடந்தவனிடம், நீ எதனால் இவ்வழியே தனியே வந்தாய் என்று அந்தச் சமாரியன் கேட்டதாகச் சுவிசேஷத்தில் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பெற்ற லாகிரி வஸ்துக்கள் சட்டம், கட்டுப்படுத்த வேண்டிய பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பகுக்கின்றது. வைத்தியத்துக்குப் பயன்படாதென்றும் கேடு மிகுந்ததென்றும் கருதப்படுவன முதல் அட்டவணையில் வரும், ஹெராயின் அத்தகையது. கேடு குறையக் குறைய அட்டவணையின் எண் பெருகும். மூன்றாம் அட்டவணையில் நிற்பவற்றுள் கெட்டமின் ஒன்று. அதுவும் விலங்குகளை மயக்கப் பயன்படுவதுதான். பின்னர் நடன சாலைகளிற் புகுந்து கெட்ட பெயரெடுத்ததனால் 1999-இல் அவ்வட்டவணையிற் சேர்க்கப்பட்டது. அட்டவணையில் ஏறிய மருந்தை ஆக்குவோரும் விற்போரும் கொடுக்கும் வைத்தியரும் சர்க்காரிடம் பதிந்துகொள்ளவேண்டும். இருப்புக்கும் செலவுக்கும் கணக்கு வைக்கவேண்டும். மருந்தைப் பூட்டிய இடத்திற் காக்கவேண்டும். சைலசினோ எந்த அட்டவணையிலும் இல்லாதிருந்தது. மிருக வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்னும் விதி ஒன்றே அதற்குக் காவல். கடத்துபவன் வைத்தியர் சீட்டைத் தேடிக்கொண்டிருப்பானா?

2022-ஆம் ஆண்டின் இறுதியில் மருந்து இலாகா வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2023 பிப்ரவரியில் வெளிநாட்டுச் சைலசின் துறைமுகங்களில் தடுத்துச் சோதிக்கப்படலாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், ஜனாதிபதியின் லாகிரி வஸ்து தடுப்பு ஆலோசகராக அப்போதிருந்த டாக்டர் ராகுல் குப்தா, சைலசின் கலந்த பென்டனிலை நாட்டுக்கு முளைத்தெழும் அபாயம் என்று அறிவித்தார். இவ்வாறு அறிவிக்கும் அதிகாரம் 2018-இல் சட்டத்தாற் கொடுக்கப்பட்டது. அது கையாளப்பட்டது இதுவே முதல் முறை.

இதற்குச் சில நாட்கள் முன்னதாக, 2023 மார்ச்சு மாதத்தில், கள்ளச் சைலசினை எதிர்க்கும் மசோதா காங்கிரஸ் சபைகள் இரண்டிலும் கொண்டுவரப்பட்டது. செனட் சபையில் நெவாடா மாகாணத்துக் காதரின் கார்ட்டெஸ் மாஸ்டோ அம்மையாரும், அயோவா மாகாணத்துச் சக் கிராஸ்லியும், பிரதிநிதிகள் சபையில் கலிபோர்னியாவின் ஜிம்மி பனெட்டாவும் இதனை முன்னின்று நடத்தினர். ஒருவரோடொருவர் எதற்கும் இணங்காத இரு கட்சியினரும் இதில் இணங்கினர். அம்மசோதா சைலசினை மூன்றாம் அட்டவணைக்குள் கொண்டுவர விழைந்தது; ஆக்குவோரும் மொத்த வியாபாரிகளும் ஒவ்வொரு விற்பனையையும் சர்க்காருக்குத் தெரிவிக்கச் செய்தது; தண்டனையின் அளவை ஆராயும்படி உரிய குழுவைப் பணித்தது. காங்கிரசுக்கு அறிக்கை சமர்ப்பிக்கும் கடமையையும் விதித்தது.

ஆயினும் இம்மசோதாவின் சிறப்பு அதன் தடையில் இல்லை, விலக்கில் இருக்கின்றது. முதலிற் கொண்டுவந்தபோது அதன் நெடும்பெயர், சைலசினின் சில உபயோகங்களைத் தடுத்தற்கான மசோதா என்னும் கருத்துடையதாயிருந்தது. இலக்கணம் பயில்வோர் அந்தச் ‘சில’ என்னும் சொல்லை நின்று நோக்கவேண்டும். பொருளைத் தடுப்பது வேறு. உபயோகத்தைத் தடுப்பது வேறு. அமெரிக்காவில் சைலசின் குதிரை, நாய், பூனை, மானினம் ஆகியவற்றுக்கே பெயர் குறித்து அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றது. மாட்டுக்கு அங்கீகாரம் இல்லை. ஆயினும் மாட்டின் குளம்பைச் செதுக்கவும், ஈன முடியாத பசுவின் வயிற்றைக் கீறிக் கன்றை எடுக்கவும் வைத்தியர்கள் இதனையே நம்பியிருக்கின்றனர். வைத்தியர் தம் பொறுப்பில் அவ்வாறு பயன்படுத்துவதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடங்கொடுக்கின்றது. அங்கீகரித்த உபயோகம் தவிர ஏனையவெல்லாம் குற்றம் என்று மசோதாவை எழுதியிருந்தால், பசுவைக் காப்பாற்றும் வைத்தியரும் தெருவில் நஞ்சு விற்பவனும் ஒரே வாக்கியத்தில் அகப்பட்டிருப்பர். ஆகவே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குட்பட்ட பிரயோகமும் நேரிய பிரயோகமே என்று மசோதா வகுத்தது. வைத்தியர் கொடுத்த மருந்தைத் தன் மந்தைக்காக வைத்திருக்கும் பண்ணைக்காரனும் குற்றவாளியாகாதபடி, அவனை மருந்தின் நேரிய கடைசி உபயோகஸ்தன் என்று கொள்ளும்படி செய்தது. அமெரிக்கக் கால்நடை வைத்திய சங்கம் இம்மசோதாவை ஆதரித்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

சட்டத்தின் சொற்கள் இவ்வளவு நுணுக்கமாக அமையவேண்டுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவேன். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களைக் கொண்டு பார்த்தால், கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்தை மிருக வைத்தியர் தாம் பதிவுசெய்த இடத்துக்கு வெளியே எடுத்துச் செல்லலாகாது. மனித வைத்தியரிடம் நோயாளி வருவான். எருமையும் குதிரையும் வைத்தியசாலைப் படியேறி வருமோ? பண்ணைக்குப் பெட்டியோடு சென்ற வைத்தியரெல்லாரும் சட்டத்தின் எழுத்துப்படி குற்றவாளிகளாயினர். இக்குறையை நீக்க 2014-இல் தனியே ஒரு சட்டம் செய்யவேண்டியதாயிற்று. சட்டம் எழுதினோர் தீயோரல்லர். எழுதும்போது மாட்டுத் தொழுவத்தை நினைக்கவில்லை, அவ்வளவே.

இம்மசோதா அச்சபையின் காலத்தில் நிறைவேறவில்லை. 2025 ஜனவரியில் 118-ஆவது காங்கிரஸ் முடிவுற்றபோது அதுவும் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே புதிய காங்கிரசில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இடையில் மாகாணங்கள் வாளாவிருக்கவில்லை. ஒஹாயோ மாகாணம் 2023-இல் கவர்னரின் உத்தரவால் சைலசினை மூன்றாம் அட்டவணையிற் சேர்த்தது. மேற்கு வர்ஜீனியா நான்காம் அட்டவணையில் வைத்தது. பென்சில்வேனியா 2023-இல் தற்காலிகமாகவும், 2024 மே மாதத்திற் சட்டமாகவும் மூன்றாம் அட்டவணையை மேற்கொண்டது. பிரிட்டனும் 2025 ஜனவரி 15-ஆம் தேதி முதல் இதனைத் தன் மூன்றாம் வகுப்பு லாகிரி வஸ்துக்களோடு சேர்த்தது. ஆராய்ச்சிக்கான சிறு சட்டமொன்று மட்டும் 2023 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறியது. சைலசின் போன்ற புதுக்கலப்புக்களைக் கண்டறியும் முறைகளை ஆராயும்படி அந்நாட்டு அளவைத் தர நிலையத்தை அது பணித்தது.

மசோதாவை மறுப்போர் கூறுவன யாவை? தெருவில் பொடி வாங்குபவன் தன் பொட்டலத்தில் சைலசின் இருப்பதை அறிவதேயில்லை. பலர் அதனை வேண்டாமென்றே வெறுக்கின்றனர். அறியாதவனிடத்துக் கூடுதலாக ஒரு குற்றத்தைச் சாட்டுவதனால் யாருக்கு நன்மை என்று அவர்கள் கேட்கின்றார்கள். இது தள்ளத்தக்க வினாவன்று. கணக்கும் பூட்டும் மொத்த வியாபாரியிடத்துப் பயன்படும் கருவிகள். புண்ணோடு கிடப்பவனிடத்து அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. என் கருத்தில் மசோதாவின் முற்பகுதி, அதாவது பதிவு, கணக்கு, பண்ணைக்காரனுக்கான விலக்கு ஆகியவை, ஏற்கத்தக்கன. தண்டனையைப் பற்றிய பகுதியோ, பிடிபட்டவன் ஆக்குவோனா, கடத்துவோனா, வெறுமனே உட்கொள்வோனா என்பதைத் தெளிவாகப் பிரிக்காதவரையில் பெருமீனை விட்டுச் சிறுமீனையே அரிக்கும் வலையாகும்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. ஒன்றைத் தடுத்தால் வேறொன்று வரும் என்பது அது. பிலடெல்பியாவில் நடந்தது இம்மறுப்புக்கு இடந்தருகின்றது. பென்சில்வேனியாவின் சட்டம் நிறைவேறிய அதே 2024 மே மாதத்தில், மெடிடோமிடின் என்னும் வேறொரு மிருக மயக்க மருந்து அந்நகரத்துப் பொடிகளிற் காணப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அது சைலசினைப் பின்தள்ளி முன்னே நின்றது. ஒன்றன்பின் ஒன்று வந்தமையாலேயே ஒன்றனால் ஒன்று வந்ததென்று துணிதல் தருக்க நூலுக்கு ஒவ்வாது. ஆயினும் கள்ள வாணிகர் சட்டசபையின் நடவடிக்கைகளைக் கவனியாமல் இருக்கின்றனர் என்று நம்புவதும் எளிதன்று. மெடிடோமிடின் சைலசின் திறக்கும் பூட்டையே திறப்பது. ஆற்றலில் அதனினும் மிக்கது. அதனைப் பழகியவன் திடீரென நிறுத்தினால், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காது ஏறி, உடல் நடுங்கி, வாந்தி ஓயாது எடுத்து, தீவிர சிகிச்சைப் பகுதியிற் கிடக்க நேரிடுகின்றது.

ஒரு பொருளை மட்டும் பெயர் சொல்லிக் கட்டும் சட்டத்துக்கு இதனால் பெரும் இடர்ப்பாடு உண்டாகின்றது. மெடிடோமிடினையும் சைலசினைப் போலவே அட்டவணைக்குள் கொண்டுவந்தால் என்ன என்று எவரும் கேட்பர். கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தோன்றுவது போல, அம்மருந்தின் அணுக்கூட்டங்கள் ஒன்றற்கொன்று எதிருருவமான இரண்டு வகையின. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் பெயரால் 1999 முதல் அமெரிக்காவில் மனிதருக்கே அங்கீகரித்திருக்கின்றனர். தீவிர சிகிச்சைப் பகுதிகளில் நோயாளிகளை அமைதியாக உறங்கச் செய்ய அது அன்றாடம் பயன்படுகின்றது. இதில் வியப்பு யாதெனின், தெருவில் மெடிடோமிடினைப் பழகி, நிறுத்தியதால் நடுக்கங்கொண்டு பிலடெல்பியா ஆஸ்பத்திரிகளுக்கு வருவோரைத் தேற்ற வைத்தியர் செலுத்திய மருந்துகளுள் இந்த டெக்ஸ்மெடிடோமிடினும் ஒன்று. தெருவிலே நஞ்சாயிருந்தது கட்டிலருகே, அளவு குறித்து, துளித்துளியாக மருந்தாகின்றது. இம்மருந்தைப் பற்றி மசோதா எழுத உட்காருவோர் குதிரையையும் நாயையும் தொழுவத்தையும் மட்டுமன்றி, அந்தக் கட்டிலையும் நினைக்க வேண்டியவராவர்; ‘சில’ என்னும் அச்சிறு சொல்லும் அவர்களுக்கு மீண்டும் வேண்டியிருக்கும்.